தமிழ்ப்பள்ளி வகுப்பறையில் வாசிப்பும் அறிவியலும் – ஒரு வரலாற்று நோக்கு

நவராத்திரி நிறைவுற்று விஜயதசமி பிறக்கும் காலைப்பொழுதில் நம் ஆலயங்களில் நடைபெறும் வித்தியாரம்பத்தைக் கண்டு மகிழாத அன்பர்கள் இருக்க மாட்டார்கள். தாம்பாளத்தில் பச்சரிசியைப் பரப்பி, குழந்தையின் சுட்டுவிரலைப் பற்றி, முதல் எழுத்தை எழுதுவிக்கும் அந்தச் சில நொடிகளுக்காகப் பெற்றோர் விடிவதற்கு முன்பே வந்து வரிசையில் நிற்கின்றனர். குழந்தைகளுள் சிலர் அழுவர். சிலர் அரிசியை அள்ளி வாயிலிட்டுக் கொள்வர். எவ்வாறாயினும் எழுத்து தொடங்கிவிடுகிறது. அதன்பின் அக்குழந்தை தமிழ்ப்பள்ளியின் முதலாம் ஆண்டு வகுப்பில் போய் அமர்கிறது. அங்கு என்ன நடைபெறுகிறது?

தமிழ்ப்பள்ளிகளின் வரலாறு என்றவுடன் நாம் பெரும்பாலும் நிலத்தைப் பற்றியும் கட்டடத்தைப் பற்றியும் மாணவர் எண்ணிக்கையைப் பற்றியுமே பேசுகிறோம். ஆலய மலர்களிலும் அவையே இடம்பெறுகின்றன. அவை வேண்டியவையே. ஆயினும், மணி அடித்து முடிந்த பிறகு வகுப்பறைக்குள் ஒரு பிள்ளை எவ்வாறு வாசிக்கக் கற்றது, தன் கண்முன் உள்ளதைப் பார்த்து 'ஏன்' என்று கேட்க எப்போது கற்றது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. தோட்டப் பள்ளியில் படித்து, பின்னர்த் தமிழ்ப்பள்ளிகளிலேயே முப்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் அதனை ஓரளவு எழுத முற்படுகிறேன்.

அரிசியில் எழுதுவதற்கு முன்னோடி மணலில் எழுதுவது. தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகினர். ஆசிரியர் ஒருவரே, ஆதலால் கற்றுத் தேர்ந்த மூத்த பிள்ளை ஒருவன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையோருக்குச் சொல்லிக் கொடுப்பான். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் ஆண்பிள்ளைகளுக்கான அநாதை இல்லம் ஒன்றின் பொறுப்பாளராக இருந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நம்மவர் பிள்ளைகள் மணலில் எழுதிக் கற்பதைக் கண்டு, அதனைத் தம் இல்லத்திலும் புகுத்தினார். மூத்த மாணவர் இளைய மாணவருக்குக் கற்பிக்கும் முறையையும் அங்கு நடைமுறைப்படுத்தி, அதைப் பற்றி 1797இல் லண்டனில் ஒரு நூல் வெளியிட்டார். இங்கிலாந்தில் அது 'மெட்ராஸ் முறை' என்றே பெயர் பெற்றுப் பல பள்ளிகளில் பரவியது. நம் சட்டாம்பிள்ளை கடல் கடந்து சென்று பெரும்புகழ் பெற்ற செய்தியை நம் ஆசிரியர்களுள் பலரே அறியார்.

இந்நாட்டில் தமிழ்க்கல்வியின் தொடக்கம் 1816 என்று கொள்ளப்படுகிறது. அவ்வாண்டு நிறுவப்பட்ட பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு ஒன்று நடைபெற்றது. அதனை நினைவுகூர்ந்தே 2016இல் தமிழ்க்கல்வியின் இருநூறாம் ஆண்டு கொண்டாடப்பட்டது. ஆனால், நம்மில் பெரும்பாலோரின் பாட்டன்மார் படித்தது நகரத்துப் பள்ளியில் அன்று. பால்மரக் காட்டுக்குள் இருந்த தோட்டப் பள்ளியில்தான். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்னும் கடப்பாட்டை 1912ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டமும், அதன்பின் வந்த 1923ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பும் விதித்தன. சட்டம் பள்ளியைக் கேட்டதே தவிர, எத்தகைய பள்ளி என்று வற்புறுத்திக் கேட்கவில்லை. சில இடங்களில் ஆயாக் கொட்டகையின் ஒரு பகுதியே பள்ளியாயிற்று. சில இடங்களில் மாரியம்மன் கோயில் முன்மண்டபம் பள்ளியாயிற்று. எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோ பகலில் ஆசிரியராகவும் இருந்த தோட்டங்கள் உண்டு.

1960களின் தொடக்கத்தில் சிலாங்கூர் மாநிலத்துத் தோட்டம் ஒன்றில் நான் படித்த பள்ளி ஒரே கூடமாக இருந்தது. தடுப்புச் சுவர் கிடையாது. ஆறு வகுப்புகளுக்கும் இரண்டு ஆசிரியர்கள். எங்கள் நாள் பள்ளி மணியோடு தொடங்கவில்லை. பிரட்டுக் களத்து மணியோடு தொடங்கியது. விடியற்காலை ஐந்து மணி அளவில் பெயர் கூப்பிடுவார்கள். அம்மாவும் அப்பாவும் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டுக்குப் போய்விட, கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விடுவதும், தம்பியைக் குளிப்பாட்டி அழைத்து வருவதும் மூத்த பிள்ளையின் பொறுப்பு. பிறகு பள்ளி மணி. மணி என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அது வேப்பமரத்தில் கட்டித் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு.

வரிசையில் நிற்போம். நகம் பார்க்கப்படும், தலை பார்க்கப்படும். தேவாரம் பாடி முடிந்ததும் கூடத்துக்குள் போவோம். முதல் வகுப்பு மணலில் எழுதும். இரண்டாம் வகுப்பு சிலேட்டில் பார்த்தெழுதும். மூன்றாம் வகுப்பு வாய்பாட்டை ஒரே குரலாய் ஒப்பிக்கும். ஐந்தாம் ஆறாம் வகுப்புகளுக்குச் சொல்வதெழுதுதல். ஆசிரியர் ஒரு வகுப்பில் இருக்கும்போது மற்ற வகுப்புகளைச் சட்டாம்பிள்ளை பார்த்துக்கொள்வான். இத்தனை ஓசைக்கு நடுவே எப்படிப் படித்தீர்கள் என்று என் பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள். அந்த ஓசையே எங்கள் பள்ளி. எந்த வகுப்பின் குரல் நின்றாலும் ஆசிரியரின் தலை அப்பக்கம் திரும்பும்.

அக்காலத்து வாசிப்பு பெரும்பாலும் ஒப்பித்தல்தான். ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் வாயில் நிற்கும், கண்ணில் நில்லா. எனக்கு முந்தைய தலைமுறை தமிழகத்திலிருந்து வந்த பாடநூல்களைக் கொண்டு படித்தது. காவிரியையும் அணாவையும் பற்றி மலாயாப் பிள்ளைகள் உரக்க வாசித்தனர். கையில் இருந்ததோ டாலரும் காசும். ஓடியதோ சிலாங்கூர் ஆறு. என் தந்தையாரின் வகுப்பில் ஒரு பையன் பாடம் முழுவதையும் பிழையின்றி வாசித்துப் பாராட்டுப் பெற்றானாம். புத்தகத்தை அவன் தலைகீழாகப் பிடித்திருந்ததைப் பிறகுதான் கவனித்தார்களாம். இதனை அவர் சிரித்துக்கொண்டே சொல்வார். நான் ஆசிரியரான பிறகு எனக்கு அது சிரிப்பாக இல்லை.

எனினும், வாசிப்பின் அருமையைத் தோட்டம் நன்கு அறிந்திருந்தது. ஊரிலிருந்து கடிதம் வந்தால் அதனைப் படித்துக்காட்ட ஒரு பிள்ளை வேண்டும். 1924இல் தோன்றிய தமிழ் நேசனும் 1935இல் தோன்றிய தமிழ் முரசும் தோட்டத்துக்கு வரும்போது, மாலையில் கோயில் திண்ணையில் பெரியவர்கள் சூழ அமர்ந்திருக்க, ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று உரக்கப் படிக்கும். 1950களில் தமிழ் முரசு மாணவர் மணிமன்றம் என்னும் பகுதியைத் தொடங்கியபின், படித்த பிள்ளைகள் எழுதவும் செய்தனர். தமிழ் நேசன் 2019இல் நின்றுவிட்டது. திண்ணையில் படித்தவர்களுள் சிலர் இன்றும் நம் ஆலயத் தொண்டர்களாக இருக்கின்றனர்.

அறிவியலுக்கு வருவோம். எங்கள் பள்ளியில் அறிவியல் என்று ஒரு பாடம் இருந்ததாக நினைவில்லை. சுகாதாரப் பாடம் இருந்தது. பல் துலக்குதல், கொசுவை ஒழித்தல் முதலியவற்றைச் சொன்னது. ஆனால், அறிவியலே தோட்டமாக எங்களைச் சூழ்ந்திருந்தது. பிரேசில் நாட்டு மரமாகிய ரப்பரின் கன்றுகள் 22, லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 1877இல் சிங்கப்பூருக்கு வந்தன. 1888இல் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ரிட்லி என்னும் அறிஞர், மரத்தைப் புண்படுத்தாமல் மேற்பட்டையை மட்டும் மெல்லச் சீவி, அதே வெட்டை மீண்டும் மீண்டும் திறந்தால் பால் பெருகும் என்று கண்டறிந்தார். எங்கள் தாய்மார் நாள்தோறும் செய்தது அந்த ஆராய்ச்சியின் பயனையே. ஸ்டோரில் பாலை ஊற்றித் திராவகம் கலந்தால் தயிர்போல் உறைவதையும், அதனை உருளையில் இட்டுத் தகடாக்கிப் புகைக் கொட்டகையில் தொங்கவிடுவதையும் நாங்கள் சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருப்போம். வெயில் ஏறிய நண்பகலில் ரப்பர்க் காய் 'டப்' என்று வெடித்துக் கொட்டைகள் பல அடி தூரம் பாயும். அக்கொட்டையைச் சிமெண்டுத் தரையில் தேய்த்து அடுத்தவன் தொடையில் வைத்தால் சுரீரென்று சுடும். விதை பரவுதலும் உராய்வும் வெப்பமும் எங்கள் விளையாட்டாகவே இருந்தன. பெயர்தான் தெரியாது.

ஒருநாள் வகுப்பில் நான் எழுந்து, "ஐயா, பால் வெட்டுக்கு ஏன் இருட்டோடு போக வேண்டும்? விடிந்த பிறகு போனால் என்ன?" என்று கேட்டேன். அம்மா பாம்புக்குப் பயந்து பயந்து போவாள், அதனால் கேட்டேன். ஆசிரியர், "துரை சொன்னால் போக வேண்டியதுதான், நீ பாடத்தைப் படி" என்றார். அவர் நல்லவர். அவருக்கும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மரப்பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்களில் இரவு முழுவதும் நீர் நிறைந்து அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏறியதும் இலைகள் நீரை ஆவியாக விடத் தொடங்க, அழுத்தம் குறைந்து பால் வரத்தும் குறையும். இந்தச் சிறு விளக்கம் எனக்குக் கிடைத்தபோது நான் பயிற்சிக் கல்லூரியில் இருந்தேன். அம்மா வெட்டிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாள். விடுமுறையில் வந்து அவளிடம் விளக்கினேன். "அதுதானே, வெயில் வந்தால் மங்கு நிறையாதே" என்றாள். அவளுக்குப் பாதி தெரிந்தே இருந்திருக்கிறது!

1956இல் ரசாக் அறிக்கை வெளிவந்து, எல்லா மொழிப் பள்ளிகளுக்கும் பொதுவான பாடத்திட்டம் என்னும் கொள்கை ஏற்கப்பட்டது. சுதந்திரம் பெற்ற 1957இல் இந்நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டதாலும், செம்பனை வந்ததாலும், மக்கள் நகரங்களை நாடியதாலும் அத்தொகை பின்னர் 520 சொச்சமாகக் குறைந்தது. அக்கதையைப் பலரும் எழுதியுள்ளனர். வகுப்பறைக்குள் நேர்ந்த நன்மை, பாடநூல்கள் இந்நாட்டு மண்ணைப் பேசத் தொடங்கியதாகும். 1975இல் வந்த பாடநூல் இரவல் திட்டத்தால் ஏழைப் பிள்ளைகளின் கைக்கும் நூல்கள் வந்தன.

உண்மையான மாற்றம் 1983இல் நாடெங்கும் முதலாம் ஆண்டில் தொடங்கிய கே.பி.எஸ்.ஆர். பாடத்திட்டத்தோடு வந்தது. வாசித்தல், எழுதுதல், எண்ணுதல் ஆகிய மூன்றே அடிப்படை என்றது அது. வரிசை வரிசையாக இருந்த மேசைகளைக் குழுக்களாக மாற்றிப் போடச் சொன்னார்கள். பிந்திய பிள்ளைக்குக் குறைநீக்கல், முந்திய பிள்ளைக்கு வளப்படுத்தல் என்று ஒரே பாட வேளையில் இருவகைப் பயிற்சிகள். வகுப்பின் மூலையில் பாய் விரித்து வாசிப்பு மூலை அமைத்தோம். 'பிள்ளைகள் கரும்பலகைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் படிப்பு எப்படி வரும்?' என்று முணுமுணுத்த மூத்த ஆசிரியர்களும் இருந்தனர். ஒரே குரலில் ஒப்பிக்கும் வகுப்பில் வாசிக்கத் தெரியாத பிள்ளை மறைந்துகொள்ள முடியும். ஐந்து பேர் கொண்ட குழுவில் முடியாது. அந்த ஒன்றுக்காகவே நான் அம்முறையை ஏற்றேன்.

அதே காலத்தில் எழுத்தும் மாறியது. தமிழக அரசு 1978இல் ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் பின்னர் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வழக்குக்கு வந்தது. லகர, னகர, ணகர ஐகாரங்களுக்கு யானைத் துதிக்கைபோல் முன்னே வளைந்திருந்த கொம்பு போயிற்று. பிள்ளைகளுக்கு எளிமைதான். ஆனால், பாட்டி பெட்டியில் வைத்திருந்த பழைய கடிதத்தை எடுத்துக் கொடுத்தபோது, நான்காம் ஆண்டு படிக்கும் பேத்தி 'மலை' என்னும் சொல்லில் தடுமாறி நின்றதை நான் கண்டிருக்கிறேன்.

அறிவியல் தனிப்பாடமாகத் தொடக்கப்பள்ளிக்கு வந்தது 1990களில்தான். 1988இல் தொடங்கிய யூ.பி.எஸ்.ஆர். தேர்வில் 1997 முதல் அறிவியலும் சேர்ந்தது. அப்பாடத்தோடு சில புதிய சொற்களும் வகுப்புக்கு வந்தன. அவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது 'உற்றறிதல்'. வெறுமனே பார்ப்பதன்று, உற்று நோக்கி, முகர்ந்து, தொட்டு, கேட்டு அறிவது. அடுத்தது 'ஊகித்தல்'. கண்டதற்குக் காரணம் கூறுவது. நான் கேட்டு விடை பெறாத கேள்விக்கு இப்போது பாடத்திட்டத்திலேயே ஓர் இடம் கிடைத்துவிட்டது.

நான்காம் ஆண்டு வகுப்பில் முதன்முதலாக நான் செய்வித்த ஆய்வு பச்சைப்பயறு முளைப்பது. இரண்டு குவளைகளில் ஈரப் பஞ்சின் மேல் பயற்றை இட்டு, ஒன்றைச் சன்னலோரத்திலும் மற்றொன்றை அலமாரிக்குள்ளும் வைத்தோம். இருட்டில் உள்ளது எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே அனுமானிக்கச் சொன்னேன். முளைக்கவே முளைக்காது என்றார்கள் பலர். பின்வரிசைச் சிறுமி ஒருத்தி மட்டும், "முளைக்கும் ஐயா, மஞ்சளாக, உயரமாக முளைக்கும்" என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "எங்கள் கோயில் முளைப்பாரி அப்படித்தான் இருக்கும். அம்மா அறையைச் சாத்தி வைப்பார்கள்" என்றாள்.

அன்பர்களே, நம் ஆலயத் திருவிழாக்களும் குடமுழுக்கும் தொடங்கும்போது அங்குரார்ப்பணம் என்று பாலிகைகளில் நவதானியம் விதைக்கிறோம். மாரியம்மன் திருவிழாவில் பெண்கள் முளைப்பாரி வளர்த்து ஊர்வலமாக எடுத்து வருகின்றனர். ஒளி படாத முளை ஒளியைத் தேடி நீண்டு வளரும். பச்சையம் உண்டாகாததால் வெளிறி நிற்கும். அச்சிறுமி அதனைப் பல ஆண்டுகள் உற்றறிந்திருந்தாள். அவள் பேசியது பாடநூல் தமிழன்று, வீட்டுத் தமிழ். அன்று வகுப்பில் அறிவியலை அவளே கற்பித்தாள்.

இதனை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம், பின்னர் நானே செய்த தவறு. தேர்வு நெருங்க நெருங்கக் குவளைகள் அலமாரிக்குப் போயின. அறிவியல் தாளின் இரண்டாம் பகுதியில் ஆய்வு ஒன்றைப் பற்றிய சில வரிகளை வாசித்து, நோக்கம் என்ன, மாற்றப்பட்டது எது, ஊகம் என்ன என்று எழுத வேண்டும். வாசிப்பில் பின்தங்கிய பிள்ளை அவ்வரிகளிலேயே இடறியது. வாசிக்கக் கற்றுக்கொடுக்க நேரமில்லை. ஆகவே விடை வாக்கியங்களை மனப்பாடம் செய்வித்தேன். வகுப்பு முழுவதும் ஒரே குரலில் ஒப்பித்தது. தேர்ச்சி விழுக்காடு உயர்ந்தது, பாராட்டும் கிடைத்தது. என் தந்தையாரின் வகுப்பில் தலைகீழாகப் புத்தகம் பிடித்த பையனை நான் மீண்டும் உருவாக்கிக்கொண்டிருந்தேன்.

2003இல் அறிவியலையும் கணிதத்தையும் முதலாம் ஆண்டு முதல் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் தமிழ்ப்பள்ளிகளுக்கும் வந்தது. மடிக்கணினியும் ஒளிபடக் கருவியும் வந்தன. ஆங்கிலம் வேண்டும் என்பதில் பெற்றோருக்கு ஐயமில்லை, எனக்கும் இல்லை. ஆனால், தமிழில் எழுத்துக் கூட்டத் தொடங்கிய ஏழு வயதுப் பிள்ளையிடம் மழைநீர் எங்கே போயிற்று என்று கேட்டால், கண்டதைத் தமிழில் சொல்லிவிட்டு, கரும்பலகையில் உள்ள ஆங்கிலச் சொல்லைப் பார்த்தெழுதும். இரண்டுக்கும் இடையே பாலம் கட்டும் வேலை ஆசிரியருடையது. அப்பாலத்தைக் கட்டப் பலருக்கு ஆங்கிலம் போதவில்லை; உண்மையைச் சொன்னால் எனக்கும் போதவில்லை. 2009இல் அரசு அக்கொள்கையைக் கைவிட முடிவு செய்து, 2012 முதல் படிப்படியாக மாற்றியது. 2016இல் இருமொழிப் பாடத்திட்டம் வந்தபோது அதே விவாதம் தமிழ்ப்பள்ளிகளில் மீண்டும் எழுந்தது. இரு தரப்பிலும் பிள்ளைகளின் நலம் விரும்புவோரே இருந்தனர். வகுப்பறைக்குள் சென்று, அப்பிள்ளை எந்த மொழியில் 'ஏன்' என்று கேட்கிறது எனச் செவிமடுத்தவர்கள் மட்டும் குறைவு.

2021இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு அகற்றப்பட்டது. அதற்கு முன்பிருந்தே நம் பள்ளிப் பிள்ளைகள் அறிவியல் விழாக்களிலும் புத்தாக்கப் போட்டிகளிலும் பங்கேற்று, வெளிநாடுகளுக்கும் சென்று பரிசுகள் பெற்றுவந்தனர். நாளேடுகளில் அப்படங்களைக் கண்டு நாம் பெருமை கொள்கிறோம். சிறிய பள்ளிகளின் படங்கள் அவ்வளவாக வருவதில்லை.

அத்தகைய பள்ளி ஒன்றுக்கு ஓய்வு பெற்ற பின் சென்றிருந்தேன். செம்பனைக்கு நடுவே கோயில். கோயிலுக்கு அருகே பள்ளி. மாணவர் மிகக் குறைவாதலால் இரண்டு ஆண்டுகளைச் சேர்த்துக் கூட்டு வகுப்பாக நடத்துகின்றனர். ஆசிரியை மூத்த பிள்ளைகளுக்குக் கணக்கு விளக்கிக்கொண்டிருக்க, ஒரு சிறுமி வாசிப்பு மூலையில் அமர்ந்து, தட்டில் பரப்பிய மணலில் சின்னவன் ஒருவனுக்கு 'ழ' எழுதக் காட்டிக்கொண்டிருந்தாள். ஆண்ட்ரூ பெல்லைப் பற்றி ஆசிரியையிடம் சொன்னேன். "அப்படியா ஐயா? வேறு ஆளில்லை, அதனால்தான்" என்றார்.

சன்னலோரத்தில் நான்கு குவளைகள் இருந்தன. ஒன்றைக் கறுப்புக் காகிதத்தால் மூடியிருந்தனர். உள்ளே பார்க்கும் ஆவலில் கையை நீட்டினேன். மணலில் எழுதிக்கொண்டிருந்த சின்னவன் எழுந்து ஓடி வந்தான்.

"தாத்தா, திறக்காதீங்க! இன்னும் மூணு நாள் இருக்கு."